இரண்டு தாது வருஷங்கள்: மரவளையம் சொல்லும் எரிமலைக் காலம்

(தூத்துக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாது வருஷப் பஞ்சத்தைக் காதால் கேட்காமல் வளர்ந்தவர்கள் இந்த அவையில் குறைவாகத்தான் இருப்பார்கள். 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த பஞ்சம் அது. தென்னிந்தியாவில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். பிழைக்க வழியில்லாதவர்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் தாண்டிப் போனார்கள். பஞ்சத்துக்கு அந்த வருஷத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

நம் வருஷப் பெயர்கள் அறுபதுக்கு ஒரு முறை சுற்றி வருகிறவை. 1876க்கு அறுபது வருஷம் பின்னால் போங்கள். 1816. அதுவும் தாது வருஷம். அந்த 1816ஐத்தான் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடையே வராத வருஷம் என்று இன்றும் பேசுகிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் மாதம் பனி கொட்டியது. சுவிட்சர்லாந்தில் விளைச்சல் போய் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அதற்குக் காரணம் நமக்குக் கிழக்கே, இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் இருந்தது. 1815 ஏப்ரல் 10ஆம் தேதி தம்போரா எரிமலை வெடித்தது. இங்கே பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் தறுவாய்; பவ வருஷம் போய் யுவ வருஷம் வரவேண்டிய நேரம். எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய வெடிப்பு இல்லை என்றே எரிமலை அறிஞர்கள் சொல்கிறார்கள்.

ஆக, ஒரே பெயரில் இரண்டு கெட்ட வருஷங்கள். முதல் தாதுவுக்குப் பின்னால் ஓர் எரிமலை நிற்கிறது. இரண்டாவது தாதுவுக்குப் பின்னால் எரிமலை இல்லை. பசிபிக் கடல் சூடேறிய எல் நினோவும், பஞ்சத்திலும் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த அரசும் இருந்தன. இதை நாம் இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவது இரண்டு காலத்துக்கும் எழுத்துச் சான்று இருப்பதால். எழுத்தே இல்லாத காலத்துக்குப் போனால்? கொற்கையில் கப்பல் வந்து நின்ற காலத்தில் ஏதோ ஒரு தீவில் மலை வெடித்தது என்றால், அது எந்த ஆண்டு என்று யாரைக் கேட்பது? மரத்தைக் கேட்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கையில் இருப்பது ஒரு தேக்குத் துண்டு. நம் மரவாடிகளில் உருட்டுத்தடியின் நுனியை அறுத்து வீசுவார்களே, அதில் ஒன்று. துறைமுகத்தில் கப்பல் கப்பலாகத் தடி இறங்குகிற ஊர் இது. இந்த மாதிரித் துண்டு உங்கள் கண்ணில் படாத நாளே இருக்காது. ரம்பம் போன தடம் மறைகிறவரை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு படிப்படியாக நைஸ் தாள். இப்போது ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஊசியால் குத்தினாற்போல் பெரிய துளைகள் ஒரே வரிசையாக வட்டம் கட்டி நிற்பது தெரியும். மழை வந்து, இலையுதிர்ந்து நின்ற தேக்கு மறுபடி துளிர்க்கும்போது போட்ட முதல் துளைகள் அவை. அந்த வரிசைக்கு வெளியே துளைகள் சிறுத்துக்கொண்டே போகும், மரம் இறுகும். அடுத்த வரிசை வந்தால் அடுத்த வருஷம். நடுவில் கருமையாக இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்திருப்பது வெளிறு. அதற்கும் வெளியே பட்டை. கடைசி வளையம் பட்டைக்கு அடியில் இருக்கிறது. மரம் செத்த வருஷத்தை அந்த ஒரு வளையம்தான் சொல்லும். ஆசாரிகள் முதலில் செதுக்கி எறிவதும் அதைத்தான்.

எல்லா மரத்திலும் இந்தக் கணக்கு கிடைக்காது. நம் தேரிக்காட்டின் அடையாளமான பனையை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே அறுத்தால் வளையமே இருக்காது. கறுப்பு நார்கள் சிதறிக் கிடக்கும், ஓரம் நெருக்கமாக, நடுவில் தளர்வாக. பட்டைக்கு அடியில் இருந்துகொண்டு வருஷா வருஷம் மரத்தைப் பருக்க வைக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு பனைக்குக் கிடையாது. தென்னைக்கும் மூங்கிலுக்கும் கிடையாது. பல வெப்பமண்டல மரங்களில் கேம்பியம் இருந்தாலும், வருஷம் முழுக்க நிற்காமல் வளர்வதால் வருஷக்கோடு விழுவதில்லை. தேக்கு ஒரு விதிவிலக்கு. காய்ச்சலில் உறங்கி மழையில் விழிக்கிற மரம் அது.

வளையத்தை எண்ணுவதால் மட்டும் காலம் கிடைத்துவிடாது. இதை முதலில் தெளிவாகக் கண்டவர் டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரத்தில் பதிந்திருக்குமா என்று தேடப் போனவர், அரிசோனாவின் பைன் மரங்களில் வேறொன்றைக் கண்டார். ஒரே வட்டாரத்து மரங்களில் நல்ல மழை வருஷம் அகலமாகவும் வறண்ட வருஷம் ஒடுக்கமாகவும் ஒரே வரிசையில் வருகின்றன. அகலம், அகலம், ஒடுக்கம், நடுத்தரம், மிக ஒடுக்கம் என்று போகிற அந்த வரிசை ஐம்பது அறுபது வருஷத்துக்கு நீண்டால், அதே வரிசை இன்னொரு முறை அப்படியே வராது. நேற்று வெட்டிய மரத்தின் உள்வளையங்கள் ஒரு பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருந்தும். அந்த உத்தரத்தின் உள்வளையங்கள் அதைவிடப் பழைய ஒரு கட்டையோடு பொருந்தும். இப்படிக் கோத்துக்கொண்டே பின்னால் போகலாம். கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 4,800 வயதைத் தாண்டிய பிரிசில்கோன் பைன் இன்றும் உயிரோடு நிற்கிறது. அயர்லாந்தின் சதுப்பு நிலங்களில் புதைந்த ஓக் மரங்களும் ஜெர்மனியின் ஆற்று மணலில் புதைந்த ஓக் மரங்களும் பல ஆயிரம் வருஷத்துக்கு ஒரு வருஷமும் விடாமல் தொடர் கொடுத்திருக்கின்றன.

இதில் எரிமலை எங்கே வருகிறது? பெரிய வெடிப்பில் சாம்பல் சில நாளில், சில வாரத்தில் கீழே இறங்கிவிடும். தங்குவது கந்தகம். கந்தக டைஆக்சைடு மழைமேகத்துக்கும் மேலே ஏறி, அங்கே நீரோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்திவலையாகிறது. மழை அதைக் கழுவ முடியாத உயரம் அது. ஒன்றிரண்டு வருஷம் உலகைச் சுற்றிக்கொண்டே இருந்து, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பூமி குளிர்கிறது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ வெடித்தபோது உலகச் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் இறங்கியது.

இப்படி வானத்தில் ஏறியது நம் தலைக்கு மேலும் வந்து போயிருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27 அன்று, சுபானு வருஷம் ஆவணியில், கிரகடோவா வெடித்தது. அலை வங்கக்கடலைக் கடந்து நாகப்பட்டினத்தின் கடல்மட்டமானியில் பதிவாயிற்று. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் சூரியன் பச்சையாக உதித்துப் பச்சையாக அஸ்தமித்தது. சென்னை வானாய்வகத்தில் போக்சன் அதைக் குறித்து வைத்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் நிறமாலைமானி வைத்து அந்தப் பச்சை வெளிச்சத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை அமைத்தவர் அவர்தான். எரிமலையின் புகைத்திரை வழியாகச் சூரியனைப் பார்த்து ஆராய்ந்த முதல் சிலரில் ஒருவர் நம் மாகாணத்தில் உட்கார்ந்து எழுதினார் என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

குளிர்ந்த வருஷம் குளிர்நாட்டு மரத்தில் எப்படி விழும்? வளரும் பருவத்தின் நடுவே திடீரென்று உறைபனி வந்தால், அப்போதுதான் உண்டான மெல்லிய செல்கள் நசுங்கிச் சிதைந்துவிடும். நுண்ணோக்கியில் அது ஒரு காயமாகத் தெரியும். உறைபனி வளையம் என்று பெயர். உறையாவிட்டாலும், கோடையின் கடைசியில் தடிக்க வேண்டிய செல்சுவர்கள் வெயில் போதாமல் மெலிந்தே நின்றுவிடும். அந்த அடர்த்தியை எக்ஸ்ரே எடுத்து அளக்கிறார்கள். 1600 பிப்ரவரியில் பெரு நாட்டின் வைனாபுதினா வெடித்தது. வடகோளத்து மரங்களில் அளந்து பார்த்தபோது, கடந்த 600 வருஷத்தில் மிகக் குளிர்ந்த கோடைகளில் முன்னால் நிற்பது 1601. அந்த வருஷத்தில்தான் ரஷ்யாவில் பெரும்பஞ்சம் தொடங்கியது. 1984இல் லமார்ச், ஹிர்ஷ்போக் என்ற இருவர் பிரிசில்கோன் பைனின் உறைபனி வளையங்களைத் தெரிந்த எரிமலைகளின் தேதியோடு வைத்துப் பார்த்து, பல இடங்களில் இரண்டும் சேர்ந்தே வருவதைக் காட்டினார்கள். இந்தத் துறை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த ஒரு வழக்கைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சீனாவும் வட கொரியாவும் எல்லை பிரியும் இடத்தில் ஒரு மலை இருக்கிறது. கொரியர்கள் பெக்து என்கிறார்கள், சீனர்கள் சாங்பாய் என்கிறார்கள். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் அது மிகப் பயங்கரமாக வெடித்தது என்பது தெரியும்; சாம்பல் ஜப்பான் வரை கிடக்கிறது. எந்த வருஷம் என்பதில்தான் சண்டை. கார்பன் தேதிகள் பத்து இருபது வருஷம் இப்படியும் அப்படியும் அலைந்தன.

வெடிப்பின் சுடுசாம்பல் பெருக்கில் புதைந்து செத்த ஒரு லார்ச் மரம், பட்டையோடு, அங்கே கிடைத்தது. செத்த வருஷம்தான் வெடித்த வருஷம். ஆனால் அந்த வட்டாரத்துக்கு அவ்வளவு பழைய வளையத் தொடர் கையில் இல்லை, எதோடு பொருத்துவது? உதவி சூரியனிடமிருந்து வந்தது. 2012இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுசா மியாகே என்ற ஆய்வாளர், யாகு தீவின் பழைய ஜப்பானிய சீடர் மரங்களில் வளையம் வளையமாகக் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை அளந்தபோது, கி.பி. 774க்கும் 775க்கும் நடுவே அது ஒரே பாய்ச்சலில் 1.2 சதவீதம் ஏறியிருப்பதைக் கண்டார். சூரியனிலிருந்து வந்த ஒரு மாபெரும் துகள்புயல்தான் காரணம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதன் தடம் உலகத்தில் அந்த வருஷம் வளர்ந்துகொண்டிருந்த எல்லா மரத்திலும் உண்டு. யாருடைய நாட்காட்டியும் தேவைப்படாத, உலகத்துக்கே பொதுவான ஒரு தேதி முத்திரை.

கிளைவ் ஓப்பன்ஹைமர் தலைமையிலான குழு அந்த லார்ச் மரத்தில் இந்தப் பாய்ச்சலைத் தேடியது. கிடைத்தது. அந்த வளையத்தை 775 என்று வைத்துக்கொண்டு, வெளிப்பக்கமாகப் பட்டை வரை 170 சொச்சம் வளையங்களை எண்ணினார்கள். கடைசி வளையம் 946. அந்த வளையம் முழுசாக முடிந்திருந்தது. ஆகவே வளர்ச்சி நின்ற பிறகு, அதாவது 946இன் இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ மரம் செத்திருக்கிறது. ஜப்பானில் நாரா நகரின் கோஃபுகுஜி கோவில் குறிப்பில், 946 நவம்பர் 3 அன்று வெண்சாம்பல் விழுந்த செய்தி இருக்கிறது. மரமும் கோவில் ஏடும் ஒரே பருவத்தில் வந்து சந்திக்கின்றன. அப்போது இங்கே முதலாம் பராந்தகச் சோழன் ஆட்சி. தக்கோலப் போருக்கு மூன்று வருஷம் முன்பு. மதுரையை வென்றவன் என்று பட்டம் போட்டுக்கொண்ட அந்த மன்னன் காலத்து நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு நாம் இன்னும் ஆட்சியாண்டைக் கூட்டிக் கழித்துத்தான் தேதி சொல்கிறோம். ஒரு மரம் பருவம் வரை சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போனால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன். மரம் வருஷத்தைச் சொல்லும். எரிமலையின் பெயரைச் சொல்லாது. கிரேக்கத்தின் தீரா தீவு, சாந்தோரினி என்று இன்று சுற்றுலாப் பயணிகள் போகிற இடம், வெண்கலக் காலத்தில் வெடித்துச் சிதறியது. அதற்குத் தேதி கிடைத்தால் எகிப்து, கிரீட் ஆகியவற்றின் வரலாற்றுக் காலவரிசையே உறுதிப்படும். கலிபோர்னிய பைனில் கி.மு. 1627இல் ஓர் உறைபனி வளையம் இருந்தது. பெல்ஃபாஸ்டில் மைக் பெய்லியும் சக ஆய்வாளரும் 1988இல் அயர்லாந்து ஓக் மரங்களைப் பார்த்தால், கி.மு. 1628இல் தொடங்கி வளையங்கள் மிக ஒடுங்கிக் கிடந்தன. இரண்டு கண்டங்கள், ஒரே காலம். தீராவேதான் என்று பலரும் நம்பினார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த ஓர் ஆலிவ் கிளையின் கார்பன் தேதியும் 2006இல் அதற்கு ஆதரவாகவே வந்தது.

பிறகு கிரீன்லாந்துப் பனிப்பாளத்தில் அந்த வருஷத்து அடுக்கில் கிடைத்த கண்ணாடித் துகள்களை வேதியியலாக ஆராய்ந்தார்கள். அவை தீராவினுடையவை இல்லை. அலாஸ்காவின் அனியாக்சக் எரிமலையினுடையவை. கி.மு. 1628இல் உலகம் குளிர்ந்தது உண்மை. மரம் பொய் சொல்லவில்லை. நாம்தான் பேர்போன ஒரு எரிமலையை அந்த வளையத்தில் கொண்டுபோய் மாட்டினோம். இதற்கிடையே அரிசோனாவின் சார்லட் பியர்சன் குழு, பைன், ஓக் மரங்களின் ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியாக மறுபடி அளந்து கார்பன் அளவுகோலையே திருத்தியபோது, தீராவின் தேதி கி.மு. 16ஆம் நூற்றாண்டுப் பக்கம் நகர்ந்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மரம் பனியைத் திருத்திய கதையும் உண்டு. துருவப் பனியில் கந்தகம் அடுக்கடுக்காகப் படியும். அதையும் எண்ணித் தேதி சொல்வார்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டு நெருங்கும்போது பனிக்கணக்கும் மரக்கணக்கும் ஒட்டவில்லை. மரத்தில் குளிர் 536இலும் 540ஐ ஒட்டியும். பனியில் கந்தகம் அதற்குச் சில வருஷம் முன்பே. அப்படியானால் அந்தக் குளிருக்கு எரிமலை காரணம் இல்லை போலும் என்று சிலர் முடிவு கட்டினார்கள். பெய்லி 2008இல், பனிக்கணக்கில் ஏழு வருஷம் பிசகு என்று எழுதினார். பலர் ஏற்கவில்லை. 2015இல் மைக்கேல் சிகில் குழு, அதே 774-775 சூரியப்புயலின் தடத்தைப் பனியிலும் கண்டுபிடித்து இரண்டையும் ஒட்டிவைத்தது. பனிக்கணக்கில் பிசகு ஏழு வருஷம்தான். திருத்தியபிறகு 536, 540 இரண்டுக்கும் எரிமலைக் கந்தகம் வந்து சரியாக உட்கார்ந்தது.

இனி நம் நிலத்துக்கு வருகிறேன். குளிர்நாட்டு மரத்துக்கு வெயில்தான் முதல் பசி. நம் மரத்துக்குத் தண்ணீர். எரிமலைத் திரை வெயிலைத் தடுத்தால் நிலம் கடலைவிட வேகமாகக் குளிரும்; நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைந்தால் பருவக்காற்றின் இழுப்புத் தளரும். ஆகவே தேக்கில் எரிமலையைத் தேடுகிறவர் குளிரைத் தேடக்கூடாது, மழைக்குறைவைத் தேடவேண்டும். அங்கேதான் சிக்கலும். மழை குறைய நூறு காரணம் உண்டு. தாது வருஷம் 1876ஐயும் 1877ஐயும் எந்த எரிமலையும் கொண்டுவரவில்லை. தேக்கின் ஒடுங்கிய வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தாதுவையும் அந்தத் தாதுவையும் பிரிக்க முடியாது.

புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தில் போர்கோன்கரும் உடன் ஆய்வாளர்களும் கேரளத்துத் தேக்குகளிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 வருஷத் தொடர் ஒன்றைக் கட்டி 2010இல் வெளியிட்டார்கள். வளர்ச்சி குன்றிய வருஷங்களில் பல, எல் நினோ வருஷங்களோடும் பருவமழை பொய்த்த வருஷங்களோடும் சேர்ந்தே வருகின்றன என்பது அவர்கள் கண்டது. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் ரமேஷ் முதலானோர் தேக்கின் செல்லுலோஸில் உள்ள ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளை அளந்து, எந்தப் பருவத்து மழை எந்த வளையத்தில் என்று பிரித்துப் பார்க்க வழி செய்தார்கள். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம் இமயமலை மரங்களில் நெடுங்காலமாக உழைத்து வருகிறது.

அதே 2010இல் எட்வர்ட் குக் குழு ஆசியா முழுவதும் 300க்கு மேற்பட்ட இடங்களின் வளையங்களைச் சேர்த்து, வருஷ வாரியாக வறட்சி வரைபடம் ஒன்றைத் தந்தது. 1790களின் வறட்சியும் 1876-78இன் பெருவறட்சியும் அதில் பளிச்சென்று தெரிகின்றன. அந்த வரைபடத்தை எரிமலைப் பட்டியலோடு ஒப்பிட்டபோது வந்த முடிவு எல்லோரையும் நிறுத்தி யோசிக்க வைத்தது. வெடிப்புக்குப் பிறகு தென்கிழக்கு ஆசியா வறளும் என்று கணினி மாதிரிகள் சொல்லின. மரங்களோ அங்கே ஈரம் கூடியதாகச் சொல்லின. எது சரி என்று தீர்ப்பதற்கு இன்னும் மரங்கள் வேண்டும். அந்த வரைபடத்தில் நம் தீபகற்பத்தின் தென்கோடியைப் பாருங்கள். புள்ளிகள் அரிதாக இருக்கின்றன. கேரளத் தேக்கு குடிப்பது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்றை நம்பி உட்கார்ந்திருக்கும் இந்தக் கரையின் மழைக்கு, பல நூறு வருஷம் பின்னால் செல்லும் நல்ல சாட்சி வேண்டும். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

சாட்சி கடலுக்குள் இருக்கலாம். முத்தைக் குறுக்கே அறுத்தால் வெங்காயம் போல அடுக்கடுக்காகத் தெரியும். 1973இல் இங்கே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி நாட்டின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தது முதல், அந்த அடுக்கைப் படத்தில் பார்த்தவர்கள் என்னிடம் அதுவும் வருஷக்கணக்கா என்று கேட்பதுண்டு. இல்லை. முத்தின் அடுக்குகள் வருஷத்துக்கு ஒன்று என்று விழுகிறவை அல்ல. முத்துச்சிப்பியின் ஆயுளும் சில வருஷம்தான். ஐஸ்லாந்துக் கடலில் ஒரு மட்டி 507 வருஷம் வாழ்ந்து, ஓட்டில் வருஷத்துக்கு ஒரு கோடு வைத்திருந்தது. மரத்தைப் போலவே ஓட்டோடு ஓட்டைப் பொருத்தித் தொடர் கட்டியிருக்கிறார்கள். நம் கடலடிப் பார்களில் அந்த வேலையைச் செய்யக்கூடியது பவளம்.

உருண்டு திரண்டு வளரும் போரைட்டிஸ் வகைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் அடர்த்தியும் தளர்வுமாக மாறி மாறிப் பட்டைகள். அவை வருஷப் பட்டைகள்தான் என்பது 1972இல் பசிபிக்கின் எனிவீடாக் தீவில் உறுதியாயிற்று. அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் எந்த வருஷம் விழுந்தது என்பது தெரியும். அந்தத் தடத்திலிருந்து எண்ணிச் சரிபார்த்தார்கள். பவளத்தின் வேதியியல் அந்த வருஷத்துக் கடலின் சூட்டைச் சொல்லும். நியூ கலிடோனியாவில் எடுத்த ஒரு பவளத்தில் தம்போராக் காலத்துக் கடல் குளிர் பதிந்திருக்கிறது. பினதுபோவுக்குப் பிறகு 1992 குளிர்காலத்தில் செங்கடலின் ஏலாத் கரையில் கடல் அடிவரை கலங்கி, பாசி பெருகி, பவளத்தையே மூடிக் கொன்றது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருப்பது இப்படிப்பட்ட ஏடு. நாம் அதைப் பல காலம் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்தோம், அஸ்திவாரத்தில் போட்டோம். வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லித் தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. பவளத்துக்கு இப்போது சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. உயிருள்ள பாறையைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஊரின் பழைய மதில்களிலும் கிட்டங்கிச் சுவர்களிலும் முருகைக்கல், அதாவது பவளக்கல், இருக்கிறது. இடிக்கும்போது பாதிப் பந்து அளவுக்கு உருண்டையான ஒரு கல் முழுசாக வந்தால், அதற்குள் பல வருஷத்துக் கடல் இருக்கிறது. அதன் தேதியை யுரேனியம், தோரியம் அளந்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொற்கையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785 என்று தேதி வந்தது. சிவகளையின் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். கார்பன்-14 அளவு நேராக வருஷத்தைத் தராது. வானத்தில் அந்தக் கார்பனின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், வயது தெரிந்த மரவளையங்களில் அளந்து செய்த ஒரு திருத்த அட்டவணை வழியாகத்தான் வருஷமாக மாற்ற வேண்டும். பொருநைக் கரையின் தொன்மையைப் பற்றி நாம் மேடையில் பெருமையோடு சொல்லும் இப்படிப்பட்ட வருஷங்கள் அயர்லாந்துச் சதுப்பிலும் கலிபோர்னிய மலையிலும் யாரோ பொறுமையாக எண்ணிவைத்த வளையங்களைச் சார்ந்து நிற்கின்றன. நாம் அந்தக் கணக்கில் வாங்குகிறவர்களாக மட்டும் இருக்கிறோம். கொடுக்கவும் நம்மிடம் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கொற்கையின் வன்னி மரத்துக்கு ஊரார் இரண்டாயிரம் வயது சொல்கிறார்கள். அதைத் துளைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். பென்சில் கனத்துக்கு மாதிரி எடுக்கும் துளைக்கருவி நல்ல மரத்தைக் கொல்லாது என்றாலும், நெடுங்காலம் நின்ற மரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் உளுத்துப்போயிருக்கும்; வேண்டிய உள்வளையங்கள் கிடைக்காது, மக்கள் கும்பிடும் மரம் காயப்பட்டதுதான் மிச்சமாகும். உயிரோடு நிற்பதை விட்டுவிடுங்கள். செத்த மரம் இந்த ஊரில் ஏராளம்.

மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் போய்வந்த தோணிகள் வயதாகி உடைபடும்போது ஏரா, வங்கு, பலகை எல்லாம் விறகு விலைக்குப் போகின்றன. கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பழைய கிட்டங்கிகளின் உத்தரம், கதவு நிலை, செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண் எல்லாம் மரவாடிக்கு வந்து, இழைக்கப்பட்டு, புது மேசையாகின்றன. தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. அறுக்கும் முன் ஒரு துண்டு எடுத்துவையுங்கள். நான்கு விரற்கடை கனம் போதும். நீளவாக்கில் வேண்டாம், குறுக்குவெட்டாக வேண்டும். வெளிறு ஒட்டியிருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டையின் ஒரு சிறு செதில் மிஞ்சியிருந்தாலும் அதைச் சுரண்டாதீர்கள். வெளிறு இல்லாத துண்டு, மரம் வெட்டிய வருஷத்தைச் சொல்லாவிட்டாலும் மழைக்கணக்கைச் சொல்லும். வார்னிஷ் பூச வேண்டாம். எந்தக் கட்டடம், எந்தத் தோணி, எந்த இடத்துக் கட்டை என்று பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். ஓடாவிகளுக்கும் ஆசாரிகளுக்கும் கட்டையைப் பார்த்ததுமே எது மலபார்த் தேக்கு, எது பர்மாத் தேக்கு என்று கைப்பழக்கத்தில் தெரியும். அவர்கள் சொல்வதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

சரிபார்க்க வழி இருக்கிறது. மியான்மர்த் தேக்குக்கு முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொடர் ஒன்றை 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். கேரளத் தேக்குக்கு 523 வருஷத் தொடர் இருக்கிறது. துண்டின் வரிசையை இரண்டிலும் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். போதுமான வளையங்கள் இருந்து ஒன்றில் பொருந்தினால், மரம் எந்த வருஷங்களில் நின்று வளர்ந்தது என்பதோடு எந்தக் கடலைக் கடந்து தூத்துக்குடிக்கு வந்தது என்பதும் தெரிந்துவிடும். இரண்டிலும் பொருந்தாத பழைய துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. இதுவரை யாரும் எண்ணாத ஒரு காட்டின் முதல் தொடர் அதிலிருந்து தொடங்கும்.